பின்பாரம்

சினிமா கொட்டகையை இடித்தபோது, அங்கே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் பெட்டி படுக்கையோடு தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கல்யாணம் காட்சி கிடையாது. ஆள் மட்டும் இரண்டு ஆள் பருமன். அவர் உட்கார்ந்ததும் அந்த வீட்டு பெஞ்சு முனகியது. தண்டச்சோறு என்ற வார்த்தையை அங்கே ஒருவரும் சொன்னதில்லை. அவரேதான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். மறுசோறு கேட்கக் கூசினார்.

தங்கையின் கணவர் வெல்டர். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. அவர் ஒரு சின்ன டிராக்டர் வாங்கி, பழைய குழாய்களையும் லாரியில் கழற்றிய ஜாக்கியையும் சேர்த்து, முன்பக்கம் பாரம் தூக்கும் கை ஒன்றைத் தானே பற்றவைத்தார். எல்லாவற்றையும் யோசித்தவர் பின்பக்கத்தை யோசிக்கவில்லை. முதல்நாள் ஓர் என்ஜினைத் தூக்கப் போனால், என்ஜின் அசையாமல் கிடக்க, டிராக்டரின் பின்சக்கரங்கள் மேலே எழும்பின. வெல்டர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மச்சான், கையில் டீயோடு போய்ப் பின்னாலிருந்த இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்தார். சக்கரங்கள் இறங்கின, என்ஜின் ஏறியது.

"அப்படியே இருங்க மச்சான், அசையாதீங்க!"

"அசையாம இருக்கிறது ஒண்ணுதான் மாப்ள எனக்கு நல்லா வரும்."

அதுவே அவருக்கு வேலையாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டி, மோட்டார், மரத்துண்டு என்று எதைத் தூக்கினாலும் பின்னால் அவர் இருப்பார். வாடகைக்குக் கூப்பிட வருகிறவர்கள், "பின்பாரம் வீட்ல இருக்காரா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அவர் தலை நிமிர்ந்து மறுசோறு கேட்டார்.

கெட்ட நேரம், டாக்டர் சர்க்கரை என்று சொல்லிவிட்டார். தங்கை தட்டில் பாதியைக் குறைத்தாள்.

"இப்படிக் குறைச்சா டிராக்டர் என்னம்மா ஆகும்?"

"டாக்டர் உனக்குத்தாண்ணே வைத்தியம் சொன்னாரு, டிராக்டருக்கு இல்ல."

சட்டை தொளதொளத்தது. பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள்; அவர் சட்டையை இழுத்துவிட்டபடி டிராக்டரைப் பார்த்தார். ஒருநாள் தொட்டி தூக்கும்போது பின்சக்கரம் லேசாகத் துள்ளியது. பயந்துபோனார். இந்த வீட்டில் தன்னால் ஆவது இந்த எடை ஒன்றுதான், அதுவும் கரைகிறதே என்று நினைத்தார். மறுநாள் பட்டறையில் கழிவு இரும்பு போடும் தொட்டியிலிருந்து போல்ட்டும் நட்டும் பொறுக்கிக் கால்சட்டைப் பைகளில் போட்டுக்கொண்டார். வாரம் போகப் போக இடுப்பிலும் ஒரு பை ஏறியது. நடந்தால் சத்தம் வந்தது.

"என்னண்ணே சத்தம்?"

"சாவிம்மா."

"எந்த அரண்மனைக்கு?"

கழிவுத் தொட்டி காலியாவதை வெல்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அவர் தகடு வெட்டி ஒரு பெட்டி செய்தார். அதில் முக்கால்வாசி கான்கிரீட் கொட்டி இறுக விட்டு, டிராக்டரின் பின்னால் மாட்டினார்.

காலையில் அதைப் பார்த்த மச்சானுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "எப்பவோ செஞ்சிருக்கணும் மாப்ள" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு உள்ளே போனார். கட்டிலுக்கடியிலிருந்த பெட்டியை இழுத்துத் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார். எங்கே போவது என்று மட்டும் தெரியவில்லை.

வாசலில் மரக்கடைக்காரர் ரம்ப மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். வெல்டர் டிராக்டரைக் கிளப்பி, தூக்குக் கையில் சங்கிலியை மாட்டினார். லீவரில் கை வைத்தவர் இழுக்கவில்லை.

"தூக்குங்கண்ணே."

"மச்சான் வரட்டும்."

"அதான் பின்னாடி இவ்வளவு பெரிய பெட்டி இருக்கே?"

"மச்சான் வரட்டுங்க."

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் மச்சான் வெளியே வந்தார்.

வெல்டர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "பையில இருக்கிறதைப் பெட்டியில போட்டுட்டு ஏறுங்க மச்சான். அதுக்குத்தான் மேல இடம் விட்டிருக்கேன்."

அவருக்கு முகம் சுட்டது, கண் கலங்கியது. இரண்டையும் மறைக்க வழியில்லை. பைகளிலிருந்து போல்ட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார். பிறகு அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.

வெல்டர் லீவரை இழுத்தார்.