மாமா கொடுத்த சூளை விளையாட்டு

நல்ல கேம் ஒன்று சொல்லு என்று யாராவது என்னிடம் கேட்டுவிட்டால் தீர்ந்தது, அரை மணி நேரத்துக்கு விடமாட்டேன். ஊரே ஆடுகிற கார் பந்தயமும் துப்பாக்கிச் சண்டையும் என் வாயில் வராது. ஒருத்தரோ இரண்டு பேரோ உட்கார்ந்து செய்த, பத்துப் பேருக்குக்கூடத் தெரியாத விளையாட்டுகளாகத்தான் சொல்வேன். இந்தப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை கிடைக்காமல், விருத்தாசலத்தில் என் அப்பா வைத்திருந்த பீங்கான் பட்டறையில் பொம்மை அச்சில் மண்பால், அதாவது கரைத்த களிமண், ஊற்றிக்கொண்டிருந்தார். மற்ற நேரமெல்லாம் பட்டறையின் முன்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தன் பழைய கம்ப்யூட்டரோடு கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எனக்கு ஒரு கேம் போட்டுக் கொடுப்பார். வெள்ளத்தில் முழுகிய ஊரில் படகில் போய்க் கடிதம் கொடுக்கும் தபால்காரர். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தன் குட்டியைத் தேடும் நரி. திரை முழுக்க இருட்டாக இருக்க, சத்தத்தை மட்டும் கேட்டு வழி கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று. ஆடி முடித்ததும் பொய் சொல்லாமல் எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நன்றாக இருக்கிறது என்றால் இரண்டு வாரம் வேறு தரமாட்டார். சுமார் என்றேனோ, மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. வாரம் முழுக்க பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் தேடி, அடுத்த ஞாயிறே வேறொன்றோடு வந்து நிற்பார். இது எனக்கு மனப்பாடம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் மாமாவை மஸ்கட்டுக்கு அனுப்பும் பேச்சு வந்தது. அங்கே டைல்ஸ் கடையில் ஆள் எடுக்கிறார்களாம். பெண்ணாடத்து ஏஜெண்ட் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அப்பா கெடுபிடியாகத்தான் சொல்லியிருந்தார்: போவதென்றால் போ, இல்லையென்றால் இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிடு. மாமா பிடிகொடுக்கவில்லை, சாயந்திரம் சொல்கிறேன் என்றுவிட்டார். மாமா போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மூன்று மணிக்கு மாமா என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டார்.

"பாப்பா, இத ஆடிப் பாத்துட்டு சொல்லு. அவசரப்படாத."

அந்த கேமில் ஒரு சூளை இருந்தது. பொம்மைகளை உள்ளே அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, தீ மூட்டவேண்டும். சின்ன ஓட்டை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்து, சரியான மஞ்சளில் தீயை நிறுத்தவேண்டும். அப்புறம் சூளை ஆறும்வரை காத்திருக்கவேண்டும். முந்திக்கொண்டு வாசலைப் பிரித்தால் பொம்மைகள் ஒவ்வொன்றாக விரிசல் விடும். வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் இது என்ன, ஏது என்று கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டும் டீக்கடையும் போல எல்லா ஊரிலும் சூளை இருக்கும் என்பது என் எண்ணம்.

முதல் தடவை தீ மிஞ்சிப்போய் பொம்மைகள் கூழாகச் சரிந்தன. இரண்டாம் தடவை அவசரப்பட்டுப் பிரித்துவிட்டேன். விரிசல் விடும் ஒவ்வொரு சத்தமும் முதுகில் சுரீர் என்றது. பின்னால் மாமா மண் அப்பிய கையோடு அசையாமல் நின்றிருந்தார். மூன்றாம் தடவை மஞ்சளைச் சரியாகப் பிடித்துவிட்டேன். மணி நாலரை. பக்கத்து வீடுதான் எங்களுடையது; பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்தாயிற்றா என்று அப்பா அம்மாவைக் கேட்பது காதில் விழுந்தது. திரையில் சூளை டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. கை பரபரத்தது. பிரிக்கட்டுமா, வேண்டாமா? உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அந்தச் சத்தம் முழுக்க அடங்கியபிறகுதான் ஒவ்வொரு செங்கல்லாக எடுத்தேன். அத்தனை பொம்மைகளும் ஒரு கீறல் இல்லாமல் வெள்ளை வெளேரென்று நின்றன. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆடிவிட்டேன், அந்தச் சந்தோஷம் வேறெதிலும் கிடைக்கவில்லை.

"எப்புடி இருக்குது?" என்று கேட்டார் மாமா.

வாய்வரை வந்ததை விழுங்கினேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வேறு தேடமாட்டார், மஸ்கட்டுக்குப் போய்விடுவார். நன்றாக இல்லை என்று சொன்னால் நல்லதாக ஒன்று கிடைக்கும்வரை ஊரைவிட்டு நகரமாட்டார். என் மூளைக்கு எட்டிய கணக்கு இதுதான்.

"நல்லால்ல மாமா."

"எந்த எடத்துல?"

"எல்லாமேதான். யாருக்கும் இத சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் வேற கொண்டாங்க."

"நெசமாத்தான் சொல்றியா?"

நிஜமாகத்தான் என்று என் தலையில் நானே கைவைத்துச் சத்தியம் வேறு பண்ணினேன். மாமா சரி என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கைகழுவப் போனார். ஆகா, மாமாவை மடக்கிவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்து மணிக்கு ஏஜெண்ட் வந்தார். மாமா மறுபேச்சில்லாமல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. நல்லதாக ஒன்று தேடித் தராமல் எப்படிப் போகலாம் இவர்? ஊருக்குக் கிளம்பும் நாள்வரை அவரோடு பேசவே இல்லை.

போன வருஷம் மாமா லீவில் வந்திருந்தார். அந்தச் சூளை கேமுக்கு என்ன பெயர், எங்கே கிடைக்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"அது எங்கயும் கெடைக்காது பாப்பா. நான் பண்ணது. ரெண்டு வருஷம் ஒக்காந்து பண்ணேன். நீ நல்லாருக்குதுன்னு சொன்னா இங்கயே இருந்து இதயே பாக்கலாம்னு இருந்தேன். நீ பொய் சொல்ல மாட்டியே."

சொல்லிவிட்டு அம்மாவிடம் டீ கேட்டார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். கேம் பண்ணுகிறவர்களெல்லாம் கண்காணாத தேசத்தில்தான் இருப்பார்கள் என்று அந்தப் பத்து வயதில் நினைத்திருந்தேன். அவர்களில் ஒருத்தர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அன்று சொன்னது பொய் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.