நாற்பதாவது படம்

அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவை அம்பத்தூர் வீட்டு பீரோவிலிருந்து எடுத்துவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாரிவாக்கத்தில் எங்கள் குடியிருப்பைச் சுற்றி நடக்கக் கிளம்பினேன். முப்பத்தாறு படம் எடுக்கும் ரோலை நானே மாட்டியிருந்தேன். அப்பா மாட்டுவதைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன் என்ற தைரியம்.

அடுக்குமாடிகளுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில் ஓர் அம்மா கீரை போடுகிறார். பூர்வீகமாக இந்த ஊர்க்காரர். பல வருடங்களாக அவரிடம்தான் கீரை வாங்குகிறேன். கேமராவைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“இன்னாம்மா இது, அந்தக் காலத்துப் பொட்டி?”

“ஃபோட்டோ எடுக்கத்தான். உங்களை ஒண்ணு எடுக்கட்டுமா?”

“இந்தக் கோலத்துலயா? இரு, ஊட்டுக்குப் போய்ட்டு வந்துர்றேன்.”

கால்மணி நேரம் கழித்து அரக்குப் பட்டுப்புடவை, பவுடர், தலைநிறையப் பூ என்று வந்தார். வரப்பில் விறைப்பாக நின்றார். நிதானமாக ஒரே ஒரு படம் எடுத்தேன். உடனே கையை நீட்டினார்.

“எங்க, காட்டு.”

“இதுல இப்போ தெரியாதும்மா. கழுவி வரணும்.”

“அப்போ நான் நல்லா கீறனா இல்லியான்னு எப்டித் தெரியும்?”

இருவரும் சிரித்துவிட்டோம்.

ஏரிக்கரை, கோயில் குளம் என்று எடுத்துக்கொண்டே போனேன். கேமராவின் மேல் எத்தனை படம் எடுத்தாயிற்று என்று காட்டும் எண் முப்பத்தாறைத் தாண்டியது. நாற்பதுக்கும் வந்தது. ரோல் தீரவே இல்லை என்று அப்பாவுக்கு ஃபோன் செய்தேன்.

“ஃபிலிமை நகத்துற நெம்புகோலை இழுக்கும்போது இடதுபக்கக் குமிழ் சுத்துச்சா?”

“எந்தக் குமிழ்ப்பா?”

அப்பா சிரித்தார். “ஃபிலிம் நகரவே இல்லடி. ஒண்ணுகூட விழுந்திருக்காது.”

அங்கிருந்த மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு ரோல் ஒரு வருடம் வரும். பொங்கலுக்கு நாலு, பிறந்தநாளுக்கு இரண்டு. கடைசியில் மிஞ்சும் ஒன்றிரண்டைக் கழுவக் கொடுக்கும் அவசரத்தில் அப்பா எங்கள்மீது சுட்டுத் தள்ளுவார். எண்ணெய்த் தலையோடு நான், துணி பிழிந்தபடி அம்மா. அன்று கோபித்துக்கொண்ட அந்தப் படங்களைத்தான் இன்று ஆல்பத்தில் தேடிப் பார்க்கிறோம்.

அடுத்த ஞாயிறு கீரை நிலத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“அவ்ளோ நேரம் நின்னேனே! இன்னொரு தபா பட்டு கட்ட முடியாது. கீரை அறுத்துகினு கீறேன், வேணும்னா எடுத்துக்கோ.”

பண்ணரிவாளும் கையுமாக என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே எடுத்தேன். இந்த முறை ஃபிலிம் ஒழுங்காக நகர்ந்தது.

பிரதி வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

“அன்னிக்கு எடுத்தது இத்தவிட நல்லா வந்திருக்கும்,” என்றார்.

“ஆமாம்மா,” என்றேன்.

“கொஞ்சம் கீரையப் பாத்துக்கோ. மருமவகிட்ட காட்டிட்டு வந்துர்றேன்.”

படத்தை விரல் படாமல் ஓரத்தில் பிடித்துக்கொண்டு வீட்டை நோக்கி வேகமாக நடந்தார். வந்தவர்களுக்கு நானே நாலு கட்டு கீரை எடுத்துக் கொடுத்தேன்.