ரங்கன் சாரின் வடிகட்டி

சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே ஒற்றை விரலால் கீபோர்டைத் தட்டுகிறார் கஸ்தூரிரங்கன். டிபன் டப்பாவுக்கு அடியில், இந்த மாதம் யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்று பிரிண்ட் எடுத்த பட்டியல் விரிந்து கிடக்கிறது. அதைச் சரிபார்க்கிறாராம். 'சி கோப்புகளை மட்டும் காட்டு' என்கிற அதே கட்டளை. ஒரு ஷார்ட்கட் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. "பரவால்ல, பழகிப்போச்சு" என்பார். உடனே தப்பாக அடிப்பார். "அய்யோ ராமா" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

பொம்மசந்திராவில், பிஸ்கட் பொட்டலம் கட்டும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி எங்களுடையது. யார் எந்தக் கோப்பை மாற்றினாலும் 'கிட்' என்கிற பதிவு மென்பொருள் அதைப் பெயரோடு குறித்துவைத்துவிடும். அத்தனையையும் படிக்க ரங்கன் சாருக்குப் பொறுமை கிடையாது. சி மொழியில் நிரல் இருக்கும் கோப்புகளை மட்டும் வடிகட்டி எடுப்பார். படம், டெக்ஸ்ட் எல்லாம் அவருக்குக் "கஸ". தாத்தா காலத்திலிருந்தே மல்லேஸ்வரத்துக் குடும்பம். குப்பையைக்கூடக் கன்னடத்தில்தான் திட்டுவார்.

அந்தக் குப்பையில்தான் வீணாவின் வேலை மொத்தமும் இருக்கிறது. இயந்திரத்தின் திரையில் தமிழிலும் கன்னடத்திலும் வரும் சொற்களை எழுதுபவள் அவள். சந்தாபுராவிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வருகிறாள். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. ரங்கன் சார் மேலே அனுப்பும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் நீட்டிக்க மாட்டார்கள்.

இன்று அவளே வந்து நின்றாள். "சார், லிஸ்ட்ல என் பேரே இல்லியாமே?"

"ஸ்வல்ப இரும்மா." மறுபடியும் அதே கட்டளை. திரையை அவள் பக்கம் திருப்பினார். "பாரு, எங்கே இருக்கே நீ? கோடே எழுதலியே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெல்ட்ல கை மாட்டுனா எதை அமுக்கணும்னு ஸ்கிரீன்ல வருதே, அத யாரு சார் எழுதுனா?" என்று கேட்டாள் வீணா.

நான் எட்டி, அந்த வடிகட்டியை அழித்துவிட்டு எண்டரைத் தட்டினேன். வீணா, வீணா, வீணா என்று திரை நிறைந்து ஓடியது. ரங்கன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குனிந்து படித்தார். "இவ்ளோ இருக்கா!" என்றார், என்னமோ நாங்கள் ஒளித்துவைத்திருந்த மாதிரி.

ஒரு 'சாரி' வரும் என்று பார்த்தேன். மனிதர் ஒற்றை விரலால் கட்டளையை முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தார். வடிகட்டி திரும்பி வந்தது. சி கோப்புகள். ஓர் இடைவெளி. பிறகு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, டெக்ஸ்ட் கோப்புகள். எண்டர். டிபன் டப்பாவைத் தூக்கி, அடியிலிருந்த பழைய பட்டியலை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டு, புதியதற்குப் பிரிண்ட் கொடுத்தார்.