ஆறு நாள் மண், ஏழாம் நாள் மேடை

இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்களில் சிலர் என் அக்காவை மண் பரிசோதனை நிலையத்து அதிகாரியாக அறிவீர்கள். சிலர் மேடையில் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் அறிந்தவர்கள் குறைவு. அதனால் எழுதுகிறேன்.

அக்கா சிம்மக்கல்லில் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் வேதியியல் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தார். படிப்பை முடித்ததும், எழுபதுகளின் தொடக்கத்தில், அரசு வேலை கிடைத்தது. என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான்.

விவசாயிகள் துணிப்பையில் கட்டிக் கொண்டுவரும் மண்ணைக் கரைத்து, வடிகட்டி, உப்பும் சத்தும் பார்ப்பது அவர் வேலை. வடிதாளில் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்த நேரத்தில் வசனம் மனப்பாடம் செய்வார். ஞாயிறுதோறும் கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் நாடகக் குழுவின் ஒத்திகை நடக்கும். நாடகம் சில ஞாயிறு மாலைகளில், எப்போதாவது வேலை நாள் மாலையிலும் இருக்கும்.

பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் நாடகத்தை விடச் சொன்னார். இன்னொருவர் வேலையை விடச் சொன்னார். இருவரையுமே அக்கா வேண்டாம் என்றுவிட்டார்.

பிறகு எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார், "மாப்பிள்ளையோட அக்கா நாடகத்துல ஆடுதாம்ல?" என்று கேட்டுவிட்டு, அதன் பின் வரவேயில்லை. அந்த ஆத்திரத்தில், அரசு ஊழியர் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு நடிக்கிறார் என்று அக்காவின் மேலதிகாரிக்கு மொட்டைக் கடிதம் எழுதினேன். அக்கா ஒரு பைசா வாங்கியதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அலுவலகத்தில் அக்காவிடம் விளக்கம் கேட்டார்கள். நடிக்க அரசு அனுமதி வரும்வரை நான்கு மாதம் அக்கா மேடை ஏறவில்லை. அவர் வேடத்தில் வேறொருவர் நடித்தார். அனுமதி வந்த அன்று, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்:

"கடுதாசிய ஆபீசர் காட்டுனாருடா. நீ போடுற 'ழ' எனக்குத் தெரியாதா? யாருன்னு தெரியலன்னு அவர்ட்ட சொல்லிட்டேன்."

குழம்பை ஊற்றிவிட்டுத் தொடர்ந்தார்:

"நான் நடிச்சு நீ ஒரு தடவகூடப் பாத்ததில்ல. வர்ற ஞாயித்துக்கெழம வா. பாத்துட்டு, அப்பறமும் எழுதணும்னா எழுது. ஆனா பேரைப் போட்டு எழுது."

போனேன். நிலத்தைப் பறிகொடுத்துவிட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்கும் ஒரு பெண்ணாக அக்கா நடித்தார். பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா யாருண்ணே?" என்றார். "எங்க அக்கா" என்றேன். அதற்குமுன் வெளியாரிடம் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

போன வருடம் ஈரல் நோயில் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். முடிவு தெரிந்திருந்தும் யாரையும் கடிந்து பேசவில்லை. பகலில் உடனிருந்த ஆய்வக நண்பர்களுக்கும், மாலையில் கஞ்சி கொண்டுவந்த நாடகக் குழுவினருக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் உடலை எடுத்த அன்று கொட்டாம்பட்டியிலிருந்து நான்கு விவசாயிகள் வந்திருந்தார்கள். மண் கொண்டுவந்த வகையில் பழக்கமா, நாடகம் பார்த்தா என்று கேட்டேன்.

"ரெண்டுந்தான் தம்பி. மண்ணு குடுக்க வந்த எங்கள, சாயங்காலம் நாடகம் இருக்கு, இருந்து பாத்துட்டுப் போங்கன்னுட்டாங்க. முடிஞ்சு ஒங்க வீட்டுலதான் சாப்புட்டோம். நீங்கதான் எலை போட்டீங்க."

எனக்கு அது நினைவில்லை. அவர்களுக்கு இருந்தது. அவர்களுக்கும் எங்கள் நன்றி.