பால் சுறா புட்டு மணத்த காலை

ஏதோ சரியில்லை என்று எனக்கு முதலில் தெரிந்தது நாக்கில்தான். பிள்ளை பெற்று வீடு வந்த வாரம், மாமியார் பால் சுறா புட்டு (தாய்ப்பால் ஊற எங்கள் கடலோரத்தில் கொடுக்கும் மீன் புட்டு) வைத்தார். மணலைத் தின்பதுபோல் இருந்தது.

நாற்பதை நெருங்கும் வயதில், திருக்கழுக்குன்றம் மலை ஏறி ஏறி வேண்டிப் பெற்ற பிள்ளை. நான் அழுதால் ஊர் என்ன சொல்லும்? அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் அழுகை பக்கத்து வீட்டுச் சத்தம்போல் கேட்டது.

"தூக்கம் வர்லியா? பால் பத்தல. இன்னும் ரெண்டு வாய் துன்னு" என்பார் மாமியார். அழுதாலும் சுறா, பேசாமல் இருந்தாலும் சுறா.

"கடல்ல கீற சுறா பூரா நம்ம வூட்லதாம்மா கீது" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

பால் குறையவே இல்லை, புடவை நனைந்தது. நான் இல்லாவிட்டால் பிள்ளை நன்றாக இருப்பான் என்ற எண்ணம்தான் வளர்ந்தது.

மீன் ஏலத்தில் விலை கேட்கக்கூட மாமியாரை முன்னால் விடுகிறவள் நான். தடுப்பூசி போட்ட அன்று நர்ஸக்கா, "புள்ள நல்லா கீறான். நீ எப்பிடிம்மா கீற?" என்றார். அதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

"நல்லா இல்லக்கா. செத்துடலாம்னு தோணுது."

மாமியார் பக்கத்திலேயே நின்றார். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அன்றே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு (பிள்ளை பெற்ற பிறகு சில தாய்மாருக்கு வரும் நோய், குணமாகும்) என்றார் டாக்டரம்மா. பால் கொடுப்பவருக்கு ஏற்ற மாத்திரை தந்தார். என்னைத் தனியாக விடக்கூடாது, தூங்க விட வேண்டும் என்றார்.

"அப்ப சுறா?" என்று கேட்டார் மாமியார்.

"குடுங்கம்மா. ஆனா இதுக்கு மருந்து அது இல்ல."

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடித்தது. நடுவில் விட்டுவிடத் தோன்றியது, விடவில்லை. பால் கொடுத்ததும் மாமியார் பிள்ளையை வாங்கிக்கொள்வார். நான் தூங்கினேன்.

ஒருநாள் காலை அவர் மீனோடு உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தேன்.

"அத்த, இது நேத்து மீனு."

அவர் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "ஏமாத்திட்டான் பாவி!" என்றவர், என்னைப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினார். "டேய், ஒம் பொண்டாட்டி பழையபடி திரும்பி வந்துட்டாடா!"

மறுநாள் நல்ல சுறா வாங்கிவந்து புட்டு வைத்தார். மணத்தது. தட்டை வழித்துத் தின்றேன்.

டாக்டரம்மா சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தமாட்டேன். பிள்ளை முதலில் சிரித்தது எப்போது என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்கள் என்னிடம் இல்லை. பிள்ளை பெற்றதை உடம்பு பார்த்துக்கொண்டது. 'நல்லா இல்ல' என்ற சொல்லை நானே பெற்றேன். உங்களை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்கு வயதை அவன் பிறந்த நாளிலிருந்து எண்ணுகிறோம். எனக்கு, அந்தத் தடுப்பூசி நாளிலிருந்து.