முந்தி விழுந்த அடி

பர்மிங்ஹாமில் நான் வேலை செய்யும் பழைய இசைத்தட்டுக் கடையில் ஒரு வினோதம் உண்டு. ஒழுங்காக வாசித்தவனை இங்கே யாரும் தேடி வருவதில்லை. கூட்டத்தோடு ஒத்துப்போகாமல் முந்திக்கொண்டு ஓடியவனைத்தான் கேட்டு வருகிறார்கள். கடைக்காரர் பீட்டர் போன கிழமை ஒரு பழைய ஜாஸ் தட்டைச் சுழலவிட்டார். பேண்ட் முழுவதும் நடனக்காரர்களின் காலுக்கேற்றபடி போய்க்கொண்டிருக்க, நடுவில் ஒரு சாக்ஸபோன் தனியே கிளம்பியது. தாளத்துக்கு முன்னே பாய்ந்தது, இடைவெளிகளுக்குள் சுரங்களைத் திணித்தது, பேண்ட் வந்து சேருமுன் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டது. அரை நிமிடம்கூட இல்லை.

"பீபொப் என்று ஒரு ஜாஸ் பாணி பிறக்க இன்னும் பல வருடம் இருக்கிறது. இவன் இப்போதே அங்கே போய்விட்டான், கேட்டாயா?" என்றார் பீட்டர். தட்டில் பேண்ட் தலைவரின் பெயர் மட்டுமே இருந்தது. ஆடுகிறவர்களின் கால் தடுக்குகிறது என்று வாசித்தவனை அனுப்பிவிட்டார்களாம். என் கண் கலங்கியதைக் கண்டு தோளில் தட்டினார். "உனக்கு ஜாஸ் பிடிபட்டுவிட்டது." எனக்குப் பிடிபட்டது வேறு.

இலங்கையில் என் ஊரான சாய்ந்தமருதில், எங்கள் பொல்லடிக் குழுவில் நானும், அண்ணன் முறையில் நான் நானா என்றழைக்கும் ரபீக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடினோம். கல்யாண ஊர்வலத்தில் வட்டமாகச் சுற்றிவந்து, நம் கையிலுள்ள கம்பை அடுத்தவன் கம்பில் அடிக்க வேண்டும். பன்னிரண்டு பேரின் அடியும் ஒன்றாக விழுந்தால்தான் ஆட்டத்தைப் பழக்கும் அண்ணாவியாருக்கு முகம் மலரும். நானாவின் அடி அரை மாத்திரை முந்தி விழும். பிறகு இரண்டு அடிகளுக்கு நடுவே சின்னதாக ஒன்று நுழையும். கடைசியில் அவர் சரியான இடத்துக்கு வந்துவிடுவார், தடுமாறுவது நாங்கள்தான். ஓர் ஒத்திகையில் அந்த முந்திய அடி என் சுண்டுவிரலில் விழுந்தது.

"அண்ணாவியார், இவர நிப்பாட்டுங்க. இல்லாட்டி நான் இனி வரமாட்டன்!" என்று எல்லோர் முன்னிலும் கத்தினேன். வலியைவிட வெட்கமே அதிகம். அண்ணாவியாரும் சரியென்று தலையாட்டினார்.

"சரிடா தம்பி, நீ ஆடு" என்று நானா இரண்டு கம்பையும் என் காலடியில் வைத்தார். அதன்பின் கம்பைத் தொடவேயில்லை. ஒலுவில் துறைமுகத்தில் மீன்பிடிப் படகேறப் போய்விட்டார். நான் ஒழுங்காக அடித்து, ஒழுங்காகப் படித்து, ஒழுங்காக விசா எடுத்து இங்கே வந்தேன்.

போன மாதம் ஊரிலிருந்து ஒரு வீடியோ வந்தது. இளந்தாரிகளின் பொல்லடி. முந்தி விழும் அதே அடி, நடுவில் நுழையும் அதே சின்ன அடி. கீழே "புது ஸ்டைல்" என்று ஒரே புகழ்ச்சி. அவர்களாகவே கண்டுபிடித்தார்களோ, எங்கள் ஒத்திகையை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் யாராவது சொல்லிக்கொடுத்தாரோ. நானாவின் பெயரை யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அப்படி ஒரு கோழை நான்.

பீட்டர் அந்தத் தட்டைப் போட்ட அன்று மத்தியானமே நானாவுக்கு அழைத்தேன். அங்கே படகுகள் புறப்படும் நேரம், எஞ்சின் இரைந்தது.

"நானா, பொடியன்மார் இப்ப அடிக்கிறது உங்கட அடி. அண்டைக்கு நான்தான் பிழ விட்டன்."

"எந்த அடிடா?" எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்தினார். "ஓ, உன்ட வெரல்ல பட்டதா? அது இன்னமும் நோகுதாடா தம்பி?"

போனை மேசையில் வைத்தேன். பீட்டர் மறுபடியும் அந்தத் தட்டைப் போட்டார். என் இடது கை மேசையில் பேண்டின் தாளத்தைத் தட்டியது. வலது கை நானாவின் அடியைப் போட்டுப் பார்த்தது. அன்றைய ஒத்திகையில் வளைந்துபோன சுண்டுவிரல் மட்டும் மேசையில் படவில்லை.