கோபுரத்தில் ஆள் இருக்கிறான்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு மனிதரை எலும்பு முறிய அடித்திருக்கிறேன். அவர் என் மேலதிகாரி. அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

டெல்லியின் ஓரத்தில் ஒரு வானொலி ஒலிபரப்பு நிலையத்தில் நான் பொறியாளர். எங்கள் கோபுரம் ஆன்டெனாவைத் தாங்கும் கம்பம் அல்ல. அந்த முழு இரும்புமே ஆன்டெனாதான். ஒலிபரப்பு ஓடும்போது தரையில் நின்று அதைத் தொட்டால் ஆள் கரிக்கட்டை. மேலே இருப்பவன் இறங்கித் தரையில் கால் வைத்தாலும் அதே கதிதான். அதனால் உச்சி விளக்கை மாற்ற யாராவது ஏறினால் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டி, சாவியை ஏறுபவனிடமே கொடுத்துவிடுவோம். செம்புக் கொக்கி வைத்த நீண்ட கழியால் கோபுரத்தைத் தரையோடு இணைப்போம். இத்தனைக்கும் மேல் ஒரு வழக்கம் உண்டு. ஏறுபவன் செருப்பை அடியில் கழற்றிப் போட்டுவிட்டுப் போவான். செருப்பு கிடந்தால் மேலே ஆள் இருக்கிறான். எந்த விதியிலும் இல்லாத இதைத்தான் எல்லோரும் அதிகம் நம்பினோம்.

அந்த ஜனவரிக் காலையில் மூடுபனி கோபுரத்தைப் பாதிக்குமேல் விழுங்கியிருந்தது. ஏறியவன் சேலத்துக்காரன். தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்பில் அவன் வீட்டை புல்டோசர் இடித்த பிறகு, மாற்று வீடு கொடுத்த நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வருவான்.

“இரும்பு ஐஸா இருக்குதுக்கா. இன்னிக்கு ஷூவோடதான் ஏறப்போறேன்” என்று, சரோஜினி நகரில் வாங்கிய புது ஷூவை என்னிடம் காட்டிவிட்டுப் போனான்.

வேலை இழுத்துக்கொண்டே போனது. செய்தி நேரம் நெருங்க, மேலிடத்திலிருந்து அதிகாரிக்கு போன்மேல் போன். எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் கோபுரத்திலிருந்து கழற்றிய கொக்கிக் கழி. மறு கையால் அலமாரியிலிருந்த மாற்றுச் சாவியை எடுத்தார்.

“உதர் கயா வோ. சப்பல் நஹீ ஹை” என்றார். செருப்பு இல்லையாம், அதனால் இறங்கிவிட்டானாம். கூப்பிட்டும் பார்த்தாராம், பதில் வரவில்லையாம்.

“சார், ஊப்பர் ஹை வோ!” மேலேதான் இருக்கிறான், ஷூவோடு ஏறியிருக்கிறான் என்று இந்தியிலும் தமிழிலுமாகக் கத்தினேன்.

“ஹட்டோ” என்று என்னைத் தள்ளினார். தலை இரும்பு அலமாரியில் மோதி, காதுக்குப் பின்னால் சூடாக ரத்தம் வழிந்தது. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்குள் அவர் சாவியை மின்சாரப் பூட்டின் துளைக்குள் நுழைத்துவிட்டார். அவர் சாய்த்து வைத்திருந்த கழியை எடுத்து மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். எலும்பு விறகு மாதிரிதான் முறிகிறது. அவர் இடது கையை நீட்டினார். அதிலும் போட்டேன். இரண்டாவது அடி தேவைதானா என்று பிற்பாடு விசாரணையில் கேட்டார்கள். தேவை என்றேன். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பதை இந்தியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு நின்றேன்.

சற்று நேரத்தில் அவன் இறங்கி உள்ளே வந்தான். அதிகாரி தரையில் கிடப்பதைப் பார்த்து என்மேல் பாய்ந்தான்.

“என்னக்கா, பைத்தியமா உங்களுக்கு? வயசான மனுசன இப்படியா அடிப்பாங்க?”

மண்டியிட்டு, கழுத்தில் சுற்றியிருந்த மஃப்ளரை அவிழ்த்து, முறிந்த கைக்குக் கட்டுப் போடத் தொடங்கினான். வலிக்கிறதா என்று குழந்தையிடம் கேட்பதுபோல் அவரிடம் இந்தியில் கேட்டான்.

நடந்ததைச் சொன்னேன்.

அவன் கை நின்றது. அதிகாரியின் முகத்தைப் பார்த்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவன் முடிச்சை இறுக்கினான். அவர் அலறினார். இன்னும் இறுக்கினான். நான் தடுக்கவில்லை.